பறித்த பின் பழுக்காத பழம்: ஒன்ராறியோவில் ஸ்ட்ரோபெரி பறிக்கச் செல்வோருக்கு

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ், கலிடன், மில்ரன், போமன்வில் போன்ற ஊர்களின் புறத்தே ஜூன் மாத நடுப்பகுதியில் வாகனம் ஓட்டிச் செல்பவர்கள், சிவப்புப் பழம் வரைந்த பலகைகளைத் தெருவோரங்களில் காண்பார்கள். ‘பிக் யுவர் ஓன்’ என்று அவற்றில் எழுதியிருக்கும். பண்ணைக்காரர் பயிரை வளர்த்து, பழுக்கும் வரை காத்துத் தருவார். பறிக்கும் வேலையை வாங்க வருபவரே செய்து, பறித்ததற்கு நிறையின்படியோ கூடையின்படியோ காசு கொடுத்துவிட்டுச் செல்வார். தெற்கு ஒன்ராறியோவில் இந்தப் பருவம் மூன்று அல்லது நான்கு கிழமைகளே நீடிக்கும். பள்ளிக்கூடங்கள் மூடப்படும் ஜூன் இறுதியும் கனடா தினமான ஜூலை 1-ஆம் திகதியும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இதை ஒரு கோடைகால வழக்கமாகவே ஆக்கிக்கொண்டுள்ளன. ஆயினும், கடையில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஒரு பழத்துக்காக அவ்வளவு தூரம் போய், வெயிலில் குனிந்து நின்று, அதற்குக் காசும் கொடுப்பது எதற்காக என்று புதிதாகக் கேள்விப்படுபவர் வியப்பது இயல்பே. விடை பழத்தின் தன்மையில் இருக்கிறது. ஸ்ட்ரோபெரி, செடியை விட்டுப் பிரிந்த பிறகு பழுப்பதில்லை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டவருக்கு, எந்த நாளில் போவது, எதைப் பறிப்பது, எப்படிப் பறிப்பது, வீட்டில் எங்கே வைப்பது என்பனவற்றில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் முற்றிய கறுத்தக்கொழும்பான் மாங்காயைப் பிடுங்கி, வைக்கோலுக்குள் புதைத்துப் பழுக்க வைக்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மாங்காய் முற்றும்போதே தன் சதைக்குள் மாச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மரத்திலிருந்து பிடுங்கிய பின்னும் அது சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. எதிலீன் என்னும் வாயுவைத் தானே வெளியிடுகிறது. அந்த வாயுவின் தூண்டுதலால் சுவாசம் சடுதியாக உயர்ந்து, மாச்சத்து சர்க்கரையாக மாறி, சதை இளகி, மணம் பிறக்கிறது. வைக்கோல் செய்வதெல்லாம் அந்த வாயுவையும் வெப்பத்தையும் வெளியே போகவிடாமல் தடுப்பதுதான். வாழை, பப்பாளி, தக்காளி ஆகியனவும் இவ்வாறே பழுப்பவை. ஸ்ட்ரோபெரியோ தோடை, திராட்சை, அன்னாசி ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. பிற்பாடு சர்க்கரையாக மாற்றிக்கொள்ளத்தக்க மாச்சத்துக் கையிருப்பு அதன் சதையில் குறிப்பிடும் அளவுக்கு இல்லை. இலைகள் வெயிலில் ஆக்கும் சர்க்கரை காம்பின் வழியாக அன்றாடம் பழத்துக்கு வந்து சேரும். காம்பை அறுத்ததும் அந்த வரத்து நின்றுபோகும். பறித்த பழத்தை மேசையில் வைத்திருந்தால் அதன் நிறம் சற்றுக் கடுமையாகலாம், சதை மெதுமையாகலாம். இனிப்பு மட்டும் கூடாது.

கடைப் பழத்தின் நிலையை இங்கிருந்து பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ரொறன்ரோக் கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ரோபெரி பெரும்பாலும் கலிபோர்னியா, புளோரிடா, மெக்சிகோ ஆகிய இடங்களிலிருந்து வருவது. கலிபோர்னியக் கரையோர வயல்களிலிருந்து ரொறன்ரோவுக்குத் தெருவழியே 4,000 கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். பாரவூர்தியில் நாட்கணக்கில் பயணம் செய்து, களஞ்சியத்தில் இறங்கி, கடைத்தட்டுக்கு ஏறி, பிறகு வாங்குபவரின் வீட்டிலும் ஓரிரு நாள் தாங்க வேண்டிய பழம் முழுமையாகக் கனிந்த பிறகு பறிக்கப்பட முடியாது. ஆகவே இறுக்கமான சதையும் தடித்த தோலும் உள்ள வகைகளைத் தேர்ந்து வளர்த்து, கன்றிப்போகாத பதத்தில் பறித்து அனுப்புகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தூரம் கேட்கும் விலை அது. ஒன்ராறியோவின் ஜூன் மாதப் பழத்துக்கு அத்தகைய பயணக் கடமை இல்லாததால், கையில் எடுத்தாலே நசுங்கிவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு மென்மையான வகைகளையும் அங்கே வளர்க்க முடிகிறது. பழத்தின் மணத்தை ஆக்கும் சேர்மங்களில் பெரும்பகுதி, பழுப்பதன் கடைசி நாட்களிலேயே உருவாகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வயலில் பறித்த பழம் ஏன் முதலில் மூக்குக்குத் தெரிகிறது என்பது விளங்கும்.

பழம் என்று நாம் அழைக்கும் அந்தச் சிவப்புச் சதை தாவரவியலின்படி பழமே அன்று என்பது, கேட்டவுடன் நம்புவதற்குக் கடினமான செய்தி. பூவின் சூலகங்கள் அமர்ந்திருக்கும் மேடை ஒன்று உண்டு. அந்த மேடையே வீங்கிச் சிவந்து நாம் உண்ணும் பகுதியாகிறது. மேற்பரப்பில் விதைபோல ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனி உலர்பழம்; உண்மையான விதை அதற்குள் இருக்கிறது. ஒரு நல்ல பழத்தில் இத்தகைய மணிகள் ஏறக்குறைய 200 இருக்கும். இவை வெறும் அலங்காரம் அல்ல. 1950 இல் ஜே. பி. நிச் என்ற தாவரவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், இளங்காயிலிருந்து இந்த மணிகளை அகற்றிவிட்டால் அவை இருந்த இடத்துச் சதை வளர்வதில்லை என்பதும், ஒக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியை அவ்விடத்தில் பூசினால் சதை மீண்டும் வளர்கிறது என்பதும் நிறுவப்பட்டன. அதாவது ஒவ்வொரு மணியும் தன்னைச் சூழ்ந்துள்ள சதையை வளரச் சொல்கிறது. மகரந்தம் சேராத மணி அவ்வாறு சொல்வதில்லை. மே மாதத்தில் பூத்திருந்தபோது மழையும் குளிரும் தேனீக்களை வரவிடாமல் தடுத்திருந்தால், ஜூனில் ஒரு பக்கம் சூம்பி, முடிச்சு விழுந்த பழங்கள் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். பூவையும் இளங்காயையும் குத்திச் சாறுறிஞ்சும் ஒரு வகைப் பூச்சியும் இதே குறையை உண்டாக்கும். கோணல் பழம் கெட்ட பழம் அல்ல. நன்றாகச் சிவந்திருந்தால் தயங்காமல் பறிக்கலாம்.

இப்பயிரின் பிறப்பும் சுவையான கதை. பிரெஞ்சுப் படையின் பொறியியலாளரான அமேதே பிரான்சுவா பிரேசியே, தென்னமெரிக்கக் கரையோரத்தில் ஸ்பானியரின் கோட்டைகளை வேவு பார்க்க அனுப்பப்பட்டவர். அவர் 1714 இல் நாடு திரும்பியபோது, சிலியில் வளர்ந்த பெரிய பழச் செடிகளில் ஐந்து, கடற்பயணத்தில் உயிர் தப்பி அவருடன் வந்து சேர்ந்தன. அவை பெண் பூ மட்டுமே பூப்பவை. தனித்து நட்டால் காய்க்காதவை. வட அமெரிக்காவிலிருந்து முன்னரே ஐரோப்பாவுக்குச் சென்றிருந்த சிறுபழச் செடிக்கு அருகே நடப்பட்டபோது இரண்டும் கலந்து, பெரிய அளவும் மிகுந்த மணமும் கொண்ட புதிய செடி தோன்றியது. அதன் பெற்றோர் இவை இரண்டுமே என்று அந்துவான் நிக்கொலா துஷேன் 1766 இல் எழுதி வெளியிட்டபோது அவருக்கு இருபது வயது நிறையவில்லை. இன்று உலகெங்கும், நுவரெலியாவிலும் கொடைக்கானலிலும் கூட, பயிரிடப்படுவது அந்தக் கலப்பின் வழிவந்ததுதான். வட அமெரிக்கப் பெற்றோரான காட்டு ஸ்ட்ரோபெரி ஒன்ராறியோவின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் இன்னமும் தானாக வளர்கிறது. விரல் நகம் அளவே இருக்கும் அதன் பழத்தைக் கண்டால் ஒன்றைச் சுவைத்துப் பார்க்கலாம்.

இனி வயலுக்கு வருவோம். ஒன்ராறியோவில் ஜூன் மாதம் காய்க்கும் செடிகள், பகல் சுருங்கி இரவு குளிரத் தொடங்கும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகளைத் தண்டின் நுனிக்குள் உருவாக்கிவிடும். ஆகவே ஓர் ஆண்டின் விளைச்சல் பெருமளவுக்கு முந்தின இலையுதிர்காலத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. வசந்தத்தில் புதிதாக நட்ட செடியின் முதலாண்டுப் பூக்களை விவசாயி கிள்ளி எறிந்துவிடுவார். செடி காய்ப்பதில் வலுவைச் செலவிடாமல் கொடிவிட்டுப் பரவி, வரிசையை நிரப்ப வேண்டும் என்பதே நோக்கம். எனவே பறிக்க வருபவர் காணும் வயல் குறைந்தது ஓராண்டு வருமானமின்றிப் பேணப்பட்டது. கடுங்குளிர் தொடங்கி, செடி உறக்கநிலைக்குப் போனதும், நவம்பர் இறுதி அளவில் வயல் முழுவதும் கோதுமை வைக்கோலால் மூடப்படும். ஏப்ரலில் அந்த வைக்கோலைச் செடிகளின் மேலிருந்து வாரி வரிசைகளுக்கிடையே பரப்புவார்கள். பழம் மண்ணில் படாமல் காப்பதும், மழைத்துளி தெறிக்கும்போது மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் பழத்தில் ஏறாமல் தடுப்பதும், பறிக்க வருபவர் சேறு மிதிக்காமல் நடக்க இடம் தருவதும் இனி அதன் வேலை. மாங்காயைப் பழுக்க வைத்த வைக்கோல் இங்கே பழத்தைப் பழுதாகாமல் காக்கிறது.

மே மாதம்தான் விவசாயிக்கு உறக்கம் கெடும் காலம். விரிந்த பூவின் நடுப்பகுதி, வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே கருகிவிடும். பனி விழும் இரவுகளில் வயலில் நீர் தெளிப்பான்களை ஓடவிட்டுப் பூக்களை வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் மூடுவார்கள். கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இச்செயலுக்குப் பள்ளிக்கூட இயற்பியலே காரணம் சொல்கிறது: ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. தெளிப்பு நிற்காமல் தொடரும் வரை, உறைந்துகொண்டேயிருக்கும் நீர் பூவை 0 பாகை அளவில் தக்க வைக்கும். இடையில் நிறுத்திவிட்டால் ஈரம் ஆவியாகிப் பூவை இன்னும் குளிரச் செய்யும். எனவே விடிந்து பனிக்கட்டி தானாக உருகத் தொடங்கும் வரை இயந்திரத்தருகே ஒருவர் விழித்திருக்க வேண்டும். பூ விரிந்து ஏறக்குறைய நான்கு கிழமைகளில் பழம் கனிகிறது. வெயில் கூடினால் நாட்கள் குறையும்.

ஒரு பூங்கொத்தில் முதலில் விரியும் பூவே மிகப் பெரிய பழத்தைத் தரும். பின்னால் வருபவை படிப்படியாகச் சிறுக்கும். பருவத்தின் முதற்கிழமையில் போகிறவர்கள் பெரிய பழங்களையும், கடைசிக் கிழமையில் போகிறவர்கள் சிறிய பழங்களையும் கொண்டுவருவதற்குக் காரணம் இதுதான். பெரிய பழம் படத்துக்கு அழகு. சிறிய பழம் பாகு (ஜாம்) காய்ச்சுவதற்கும் பிள்ளைகளின் கைக்கும் பொருந்தும். என் கணிப்பில் பருவத்தின் நடுப்பகுதியே சிறந்தது: அளவும் சிறுத்திருக்காது, வரிசையில் பழமும் நிறைந்திருக்கும். வகைகளின் வேறுபாடும் உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுநிலையம் 1979 இல் வெளியிட்ட ஹனியோய் முன்னதாகப் பழுக்கும், சற்றுப் புளிப்புக் கலந்தது. அதே நிலையம் 1985 இல் வெளியிட்ட ஜுவெல் அதற்குப் பின்னர் பழுக்கும், பளபளப்பும் இனிப்பும் உடையது. ஒரே பண்ணையில் பல வகைகளை நட்டிருப்பது பருவத்தை நீட்டிப்பதற்காகவே. எந்த வரிசையில் எந்த வகை என்று வாயிலில் நிற்பவரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

நாளைத் தேர்வதில் மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, வயல் திறந்திருக்கிறதா என்பது. கூட்டம் மிகுந்த ஒரு சனி, ஞாயிறுக்குப் பின் கனிந்த பழங்கள் தீர்ந்துவிட்டால், அடுத்த தொகுதி சிவக்கும் வரை ஓரிரு நாட்களுக்கு வயலை மூடிவிடுவார்கள். மருந்து தெளித்தால் குறித்த நாட்கள் கழியும் வரை அந்தப் பகுதியில் பறிக்க விடமாட்டார்கள். ஆகவே புறப்படும் நாளின் காலையில் பண்ணையைத் தொலைபேசியில் அழைத்தோ அதன் அறிவித்தலைப் பார்த்தோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். முந்தின கிழமைச் செய்தியை நம்பிப் போவது வீண். இரண்டாவது, மழை. பெருமழைக்கு அடுத்த நாள் பழம் நீர் கோத்துச் சப்பென்று இருக்கும். அத்துடன் ஈரமான பழத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் விரைவாகப் பிடிக்கும். வெயில் நிறைந்த ஓரிரு பகல்களும் குளிர்ந்த இரவுகளும் கடந்த பின்னர் பறிக்கும் பழமே இனிக்கும், ஏனெனில் பகலில் இலைகள் ஆக்கிய சர்க்கரையை வெப்பமான இரவு சுவாசத்தில் கரைத்துவிடும். குளிர்ந்த இரவு மிச்சம் பிடிக்கும். மூன்றாவது, நேரம். ஜூன் இறுதியில் ரொறன்ரோவில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுவதால், பண்ணை திறக்கும் வேளையில் பனி உலரத் தொடங்கியிருக்கும். பனி உலர்ந்ததற்கும் வெயில் ஏறுவதற்கும் இடைப்பட்ட காலைப் பொழுது பறிப்பதற்கு உகந்தது. நண்பகலில் பறித்த பழம் வெயிலின் சூட்டைத் தன்னுள் ஏந்தியிருக்கும். தொட்டால் கன்றும், வீட்டுக்கு வருமுன்னரே தளரும்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறை பட்டால் கவலையில்லாத பழைய துணி, தொப்பி, மூடிய காலணி, தண்ணீர்ப் போத்தல் ஆகியன போதும். ஸ்ட்ரோபெரிக் கறை வெள்ளைத் துணியை விடாது.

கூடையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஆழமான வாளியைக் கொண்டுபோவது பலரும் செய்வது. ஸ்ட்ரோபெரியின் நிறையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். தோல் மிக மெல்லியது. வாளியின் அடியிலுள்ள பழம் மேலுள்ளவற்றின் சுமையால் நசுங்கி, வீட்டுக்கு வரும்போது சாறாகியிருக்கும். பழங்கள் 10 அல்லது 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் அடுக்கப்படாத, அகன்ற, ஆழமற்ற தட்டே ஏற்றது. பெரும்பாலான பண்ணைகள் தமது கூடைகளையே தருகின்றன. வெளிக்கூடைகளை ஏற்காத பண்ணைகளும், முன்கூட்டியே நிறுத்து அடையாளமிட்டு அனுமதிக்கும் பண்ணைகளும் உள்ளன. 4 லீற்றர் கூடை ஒன்றில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பழம் பிடிக்கும். இது நால்வர் கொண்ட குடும்பம் இரண்டு மூன்று நாட்களில் தின்று முடிக்கக்கூடிய அளவு. பாகு காய்ச்சவோ உறைய வைக்கவோ எண்ணம் இல்லாதவர் அதற்கு மேல் பறிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வயலில் நிற்கும்போது கை நிற்காது. கூடை நிறைந்த பின்னரே அளவு நினைவுக்கு வரும்.

வயலுக்குள் சென்றதும் ஒரு வரிசையைக் காட்டி, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வார்கள். முந்தின ஆள் விட்ட இடத்தில் சிறு கொடி நாட்டியிருக்கும். நீங்கள் முடிக்கும் இடத்துக்கு அக்கொடியை நகர்த்திவிட வேண்டும். தன் வரிசையை விட்டு நல்ல பழம் தேடி அங்குமிங்கும் அலைவதும், செடிகளைத் தாண்டிக் குதிப்பதும் விவசாயிகள் மிகவும் வெறுப்பவை. மிதிபட்ட செடியில் பழுக்கக் காத்திருக்கும் பச்சைக்காய்கள் பல இருக்கும். அவை நாளை வருபவருக்கு உரியவை. நல்ல பழம் தேடி ஓட வேண்டிய தேவையும் இல்லை. மேலிருந்து பார்த்தால் இலை மட்டுமே தெரியும். இலையை ஒரு கையால் மெல்ல ஒதுக்கிப் பார்த்தால்தான் அடியில் தொங்கும் பெரிய பழங்கள் வெளிப்படும். அவசரக்காரர்கள் விட்டுச் சென்ற வரிசையில் பொறுமையுள்ளவருக்கு எப்போதும் பழம் உண்டு.

எதைப் பறிப்பது என்பதில்தான் முதலில் சொன்ன செய்தி பயன்படுகிறது. காய் பச்சையிலிருந்து வெள்ளையாகி, பிறகு இளஞ்சிவப்பாகி, நுனியிலிருந்து காம்பை நோக்கிச் சிவக்கும். ஆகவே நுனியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காம்பை ஒட்டிய தோள்பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளையோ பச்சையோ எஞ்சியிருந்தால் அப்பழத்துக்கு இன்னும் ஓரிரு நாள் வெயில் தேவை, அதைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும். ‘வீட்டில் வைத்தால் பழுக்கும்’ என்ற மாம்பழக் கணக்கு இங்கே பொய்த்துவிடும். பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்ப்பது நல்லது. வெயில் படாத பக்கம் வெளிறியிருக்கலாம். மறுபுறம், ஒளி மங்கிக் கருஞ்சிவப்பாகி, தொட்டால் அமுங்கும் பழம் அன்றே தின்பதற்கு உரியது. சேமிக்கும் கூடையில் அதைச் சேர்க்கக் கூடாது.

பறிக்கும் முறை எளிது, ஆனால் காட்டித் தர வேண்டியது. பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழத்துக்குச் சற்று மேலே காம்பைக் கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துக் கிள்ள வேண்டும். பழம் உள்ளங்கையில் தானாக விழும். பச்சைத் தொப்பியும் சிறிது காம்பும் பழத்தோடு இருக்கட்டும். தொப்பி கழன்றால் அந்த இடம் திறந்த காயம். அதன் வழியாகச் சாறு வடியும், பூஞ்சணம் நுழையும். உள்ளங்கையில் மூன்று நான்குக்கு மேல் சேர்க்காமல், கூடையில் எறியாமல், வைக்க வேண்டும். சாம்பல் பூஞ்சணம் பிடித்த பழத்தைக் கண்டால் அதைத் தொட்ட கையால் நல்ல பழத்தைத் தொடாதிருப்பது நல்லது, தொட்டுவிட்டால் துடைத்துக்கொள்ளலாம். பொட்ரைற்றிஸ் எனப்படும் அந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் தூசியைப்போல ஒட்டிக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரக்கூடியவை. வயலுக்குள் நுழையுமுன் கை கழுவச் சொல்வதும், வளர்ப்பு நாய்களை அனுமதிக்காததும் பழத்தைக் கழுவாமல் வாயில் போடுபவர்களையும் நினைத்தே.

வாயில் போடுவது என்றதும் பலருக்கு எழும் ஐயம், வயலில் தின்னலாமா என்பது. பண்ணைக்குப் பண்ணை விதி வேறு. ஒன்றிரண்டைச் சுவை பார்ப்பதை அநேகமாக எவரும் குறை சொல்வதில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கும் பண்ணைகளில் அக்கட்டணத்திலேயே அது அடங்கிவிடும். வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கூடையைப் பாதியாகக் கொண்டுவருவது விலை கொடுக்காமல் உண்பதற்குச் சமம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது பெற்றோரின் பொறுப்பு. சிறு பிள்ளைகளுக்குத் தனியாகச் சிறு கூடை ஒன்றைக் கொடுத்து, ‘தோள் சிவந்ததை மட்டும்’ என்று ஒரே விதியைச் சொன்னால் போதும். அவர்கள் உயரம் செடிக்குப் பொருத்தமானது, பெரியவர்கள் காணாத பழங்களை அவர்கள் காண்பார்கள். முதுகு, முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்குத் தரைவரிசையில் குனிந்து பறிப்பது கடினம். அம்மம்மா, அப்பப்பாவுடன் போகிறவர்கள் ஒரு சிறிய மடக்கு முக்காலியைக் கொண்டுபோகலாம். அதை வரிசைக்கு இடையே, வைக்கோலின் மேல் வைக்க வேண்டும்.

விலையைப் பற்றிய முணுமுணுப்பு எப்போதும் கேட்கும்: நாமே பறித்தும் கடை விலைக்கு அருகே வருகிறதே என்று. புதிதாக உண்ணும் ஸ்ட்ரோபெரியை இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளே பறிக்கின்றன. ஒரே செடியில் பச்சைக்காயும் பழமும் கலந்திருப்பதால் வயலை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி பறிக்க வேண்டும். ஒன்ராறியோவின் தோட்டங்கள் பல இதற்காகக் கரீபியத் தீவுகளிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வரும் தொழிலாளரை நம்பியுள்ளன. அவர்களைக் கொண்டுவரும் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966 இல் ஜமேய்க்காவுடன் தொடங்கியது. 1974 இல் மெக்சிகோ சேர்ந்தது. நாமே பறிக்கும் வயலில் அந்தக் கூலி மிச்சமாவது உண்மை. ஆனால் பழகாத கைகள் விட்டுச் செல்வதும் மிதித்துக் கெடுப்பதும் பறிப்போரை வழிநடத்தும் பணியாளரின் சம்பளமும் அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மலிவாக வாங்குவதற்காக இங்கே போகிறவர் ஏமாறலாம். வேறெங்கும் கிடைக்காத பதத்தில் பழம் வாங்கப் போகிறவர் ஏமாறமாட்டார்.

பறித்து முடித்ததும் பழத்தை வாகனத்தின் பின்பெட்டியில் வெயிலில் வைத்துவிட்டு வேறு இடங்களுக்குச் சுற்றப் போவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். குளிரூட்டிய வாகனத்துள் வைத்து நேரே வீடு திரும்ப வேண்டும். வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை தெரிந்தெடுப்பு: நசுங்கியவை, அதிகம் கனிந்தவை ஒருபுறம், உறுதியானவை மறுபுறம். உறுதியானவற்றைக் கழுவாமல், துணியோ காகிதத் துவாயோ விரித்த அகன்ற பாத்திரத்தில் ஓரடுக்காகப் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் நன்றாக இருக்கும். கழுவுவது தின்னும் வேளையில்தான்; கழுவிய பிறகே தொப்பியைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் நீர் உள்ளே இறங்கிச் சுவையைக் குறைக்கும்.

அதற்கு மேற்பட்டதை உறைய வைக்கலாம். கழுவி, ஈரம் உலர்த்தி, தொப்பி நீக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு தட்டில் பரப்பி உறைய விட்டு, இறுகிய பின் பையில் இட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் குளிர்காலம் முழுவதும் பயன்படும். உருகியதும் உருக்குலையும் என்பதால் அது பச்சையாகத் தின்பதற்கு ஆகாது. தயிருடன் அடிப்பதற்கும் பாகு காய்ச்சுவதற்கும் ஏற்றது. பாகு காய்ச்சுபவர் அறிந்திருக்க வேண்டியது, ஸ்ட்ரோபெரியில் பெக்ரின் குறைவு என்பது. பாகைக் கட்டியாக்குவது அந்தப் பொருளே. எலுமிச்சம்புளி சேர்த்தால் இருக்கின்ற பெக்ரின் நன்றாக இறுகும். 104 அல்லது 105 பாகை செல்சியஸ் வரை கொதித்தால் பதம் வந்துவிடும். சற்று முதிராத பழத்தில் பெக்ரின் அதிகம் என்பதால், தோள் வெளுத்த சில பழங்கள் தவறிக் கூடைக்குள் வந்திருந்தால் அவற்றைப் பாகுச் சட்டியில் போட்டுவிடலாம்.

ஜூலை இரண்டாம் கிழமையளவில் வயல் மூடப்படும். விவசாயி செடிகளின் பழைய இலைகளை இயந்திரத்தால் வெட்டி, வரிசைகளை ஒடுக்கி, உரமிட்டுப் புதிய இலை விட வைப்பார். அதற்குள் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் வகைகள், கலிபோர்னியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய அல்பியன் போன்றவை, ஒன்ராறியோவில் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை காய்க்கின்றன. இவற்றைப் பெரும்பாலும் பண்ணைக் கடையில் பறித்து வைத்தே விற்கிறார்கள். கூடை கொடுத்து வயலுக்குள் விடும் பண்ணைகளும் உள்ளன என்பதால் அழைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.